வடிகட்டிய சூப்பில் என்ன மிஞ்சுகிறது?

காய்ச்சல் விட்டு எழுந்தவர், அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், ராத்திரிச் சாப்பாட்டைக் குறைக்க நினைப்பவர், "வாய்க்கு ஒண்ணும் பிடிக்கல" என்று தட்டை நகர்த்தி வைக்கும் தாத்தா என எல்லோருக்கும் நம் வீடுகளில் இப்போது முதலில் தயாராவது காய்கறி சூப்தான். மதுரையில் ஒரு மருத்துவமனையில் உணவியல் நிபுணராக இருக்கும் எனக்கு இதில் மகிழ்ச்சிதான். மிளகும் சீரகமும் மணக்க ஒரு கிண்ணம் சூடாக உள்ளே போனதும் வருகிற தெம்பு உண்மையானது. ஆனால் "சூப் எப்படிச் செய்கிறீர்கள்?" என்று விவரமாகக் கேட்டு எழுதிக்கொள்ளும்போது பல நேரம் கவலை வந்துவிடுகிறது.

அடிக்கடி கேட்கும் பதில் இதுதான்: "ரெண்டு மூணு காய் போட்டு நாலு விசில் விடுவோம் மேடம். அப்புறம் வடிகட்டி, கார்ன்ஃப்ளோர் கரைச்சு ஊத்தி, உப்பு மிளகு போட்டுக் கொடுத்துடுவோம்." வடிகட்டியில் நின்ற காய் எங்கே என்றால், "அது சக்கைதானே, சத்தெல்லாம் தண்ணியில இறங்கியிருக்குமே" என்பார்கள்.

எல்லாம் இறங்காது. தண்ணீரில் கரைவது மட்டும்தான் இறங்கும். பொட்டாசியம், பி வகை வைட்டமின்களில் ஒரு பங்கு, சூட்டில் அழியாமல் மிஞ்சிய கொஞ்சம் வைட்டமின் சி, அவ்வளவுதான். கேரட்டுக்கும் பூசணிக்கும் மஞ்சள் நிறம் தரும் கரோட்டின் கொழுப்பில் கரையும் பொருள். அது பெரும்பகுதி காயிலேயே தங்கிவிடும். நார்ச்சத்தில் பெரும்பகுதியும் அப்படியே. அந்தக் காயைக் கீழே கொட்டிவிட்டு, மிஞ்சிய தண்ணீரைக் கெட்டியாக்க கார்ன்ஃப்ளோர் சேர்க்கிறோம். கார்ன்ஃப்ளோர் என்பது ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து. ஆக, நோயாளியின் கையில் இருப்பது உப்புப் போட்ட மாவுத் தண்ணீர். கொடுக்கிறவர்களின் அன்பில் குறை இல்லை. கிண்ணத்தில்தான் காய் இல்லை.

அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் சில வேளைகளுக்குத் தெளிந்த நீராகாரம் மட்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் வடிகட்டித்தான் கொடுக்க வேண்டும். அது மருத்துவர் நாள் குறித்துச் சொல்லும் தனிக் கணக்கு. சாதாரணச் சாப்பாட்டுக்கு மாறலாம் என்று சொல்லி அனுப்பிய பிறகும் வீட்டில் வாரக்கணக்கில் அதே தெளிந்த சூப் தொடர்வதைத்தான் சொல்கிறேன்.

நான் பரிந்துரைக்கும் சூப் நாலு பேருக்கு இப்படி. கால் கப் பாசிப்பருப்பை லேசாக வறுத்துக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். குக்கரில் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் அல்லது நெய். அதில் அரை டீஸ்பூன் சீரகம், பத்துச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, தட்டிய இஞ்சி ஒரு துண்டு, ஒரு தக்காளி, கொஞ்சம் மஞ்சள்தூள் சேர்த்து வதக்குங்கள். எண்ணெயே வேண்டாம் என்று சிலர் பிடிவாதமாக இருப்பார்கள். ஒரு டீஸ்பூன் அவசியம் இருக்கட்டும். கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பு வேண்டும். அப்புறம் நறுக்கிய காய் 400 கிராம். மஞ்சள் பூசணி, கேரட், பீன்ஸ், சுரைக்காய் அல்லது சௌசௌ, அன்றைக்குச் சந்தையில் எது இளசாகக் கிடைக்கிறதோ அது. பருப்பையும் போட்டு நாலு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூன்று விசில் விட்டால் போதும்.

திறந்ததும் பருப்பு மத்தால் பாதிக் காயைக் கடைந்துவிடுங்கள். பூசணியும் பருப்பும் சேர்ந்து கொடுக்கும் கெட்டிக்கு மேல் எந்த மாவும் தேவைப்படாது. மிக்சியில் அடிப்பதானால் நன்றாக ஆறவிட்டு அடியுங்கள். கொதிக்கக் கொதிக்க மூடி போட்டு அடித்தால் ஆவி மூடியைத் தள்ளி, கையிலும் முகத்திலும் தெறித்துவிடும். முருங்கைக்கீரை இருந்தால் ஒரு கைப்பிடி உருவிப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கட்டும். உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் வற்ற வற்றக் கரித்துவிடும். அப்புறம் குறைக்க முடியாது. தலை தட்டி அரை டீஸ்பூன் போதும். இடித்த மிளகும் மல்லித்தழையும் போட்டு, அடுப்பை அணைத்த பின் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர அந்தப் புளிப்பு உதவும். புளிப்பும் மிளகும் சரியாக இருந்தால் உப்புக் குறைவது நாக்குக்குத் தெரியாது.

400 கிராம் காய் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கீரையும் காயும் சேர்த்து 400 கிராம் என்கிறது. மேலே சொன்ன சூப்பில் ஒரு கிண்ணத்தில் 100 கிராம் காய். நாளின் பங்கில் கால்வாசி ஒரே வேளையில் சேர்ந்துவிடுகிறது. வடிகட்டினால் இந்தக் கணக்கே இல்லை.

உப்பிலும் கணக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் கீழே. அது ஏறத்தாழ ஒரு டீஸ்பூன். சாம்பார், பொரியல், ஊறுகாய், மோர் எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒரு டீஸ்பூன். இந்த சூப்பில் ஒரு கிண்ணத்துக்கு முக்கால் கிராமுக்கும் கீழேதான் வருகிறது. பாக்கெட் சூப் வாங்குகிறவர்கள் பின்பக்கத்தில் சோடியம் என்ற வரியைப் பாருங்கள். அங்கே இருக்கும் எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். ஒரு வேளைக்கு 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. அந்த எண் எவ்வளவு தூளுக்கு என்பதையும் பார்க்க வேண்டும். அஜினோமோட்டோ இல்லை என்று பாக்கெட்டில் போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதியாக வாங்குகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அஜினோமோட்டோவில் சோடியம் எடையில் 12 சதவீதம்தான். சாப்பாட்டு உப்பில் 39 சதவீதம். நீங்கள் பயப்பட வேண்டியது உப்புக்கு.

சூப்பே ராத்திரிச் சாப்பாடு என்று வைத்துக்கொள்பவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எடை குறைக்க நினைப்பவர்களுக்கு சூப் நல்ல துணை. சாப்பாட்டுக்கு முன் சூப் குடித்தவர்கள், சூப்பையும் சேர்த்துக் கணக்கிட்டாலே அந்த வேளையில் 20 சதவீதம் குறைந்த கலோரி எடுத்துக்கொண்டார்கள் என்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. வயிறு நிறைந்துவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் பசியே இல்லாமல் மெலிந்துகொண்டிருக்கும் பாட்டிக்கு இதே குணம் பாதகம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஒரு டம்ளர் நீர்த்த சூப் கொடுத்துவிட்டு, "ரெண்டு வாய்கூட சாப்பிட மாட்டேங்கிறாங்க" என்று மருமகள் வருத்தப்படுவார். அவர்களுக்கு சூப்பையே சாப்பாடாக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் தேவை. கால் கப் பாசிப்பருப்பை நாலு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 3 கிராம்தான் கிடைக்கும். அதனால் பருப்பை இரட்டிப்பாக்குங்கள். முட்டை சாப்பிடுகிறவர்களானால் கொதிக்கும் சூப்பில் ஒரு முட்டையை அடித்து ஊற்றி நன்றாக வேகவிடுங்கள். அதில் மட்டும் 6 கிராம் புரதம். சைவமானால் பனீர், வேகவைத்து மசித்த கொண்டைக்கடலை.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் முக்கியமான ஒரு விஷயம். இன்சுலினோ, கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு, இரவில் தெளிந்த சூப்பை மட்டும் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். மருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், ஈடுகட்ட உள்ளே உணவு இருக்காது. நடுராத்திரியில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சிலருக்குப் பேச்சுக் குழறி, அவசரப் பிரிவுக்கு வருவதில் போய் முடியும். அப்படி நடந்தால் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், விழுங்கும் நினைவோடு இருப்பவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கருவி இல்லையென்றால் தேடிக்கொண்டு நிற்காமல் முதலில் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இரவு உணவை சூப்பாக மாற்றும் முடிவையே மருந்து எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்வது நல்லது. மருந்தின் அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கலாம்.

அடுத்து, சிறுநீரகச் செயல்பாடு குறைந்து பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள். இவர்களுக்குக் காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொல்வோம். பொட்டாசியம் அந்தத் தண்ணீரோடு போய்விடும் என்பதுதான் காரணம். சூப் இதற்கு நேர் எதிர். கொட்ட வேண்டிய தண்ணீரைத்தான் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கிறோம். வாழைத்தண்டு சூப் கிட்னிக்கு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு, டயாலிசிஸில் இருப்பவர்களும் காலையில் நடைப்பயிற்சி மைதானத்து வாசலில் அதை வாங்கிக் குடிக்கிறார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பு தடுமாறும், உயிருக்கே ஆபத்தாகும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பவற்றிலும் பல பிராண்டுகளில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. அதையும் இவர்கள் தவிர்க்க வேண்டும். தண்ணீர் அளவு கட்டிக் கொடுத்திருக்கும் இதய நோயாளிகளும் டயாலிசிஸ் நோயாளிகளும் சூப்பைத் தண்ணீர்க் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். ஒரு கிண்ணம் 200 மில்லி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரை சூப்பைத் திடீரென்று தினமும் தொடங்கக் கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். கீரையே கூடாது என்பதில்லை. அளவு வாரத்துக்கு வாரம் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும்.

செய்ததில் மிஞ்சினால் குக்கரோடு அடுப்பு மேடையில் விடாதீர்கள். நம் ஊர் வெயிலில் மெல்ல ஆறும் பருப்புச் சூப்பில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அகலப் பாத்திரத்தில் ஊற்றி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்துத் தளதளவென்று கொதிக்கவிட்டுக் குடியுங்கள்.

கடைசியாக, பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள், நன்றாகத் தளர்ந்துபோன முதியவர்கள். நீராகாரம்தானே, சுலபமாக இறங்கும் என்று இவர்களுக்கு சூப் கொடுக்கிறோம். விழுங்கும் தசைகள் பலவீனமாக இருக்கும்போது வேகமாக ஓடும் தண்ணீர்தான் மூச்சுக்குழாய்க்குள் போகிறது. தண்ணீரும் காய்த்துண்டும் கலந்திருந்தால் இன்னும் சிரமம். துண்டை மெல்லும்போதே தண்ணீர் தொண்டைக்குள் இறங்கிவிடும். அது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. குடிக்கும்போதோ குடித்த உடனேயோ இருமல், குரலில் நீர் தேங்கினாற்போல ஒரு கரகரப்பு, ஒரு கிண்ணத்தை முடிக்க அரை மணி நேரம், அடிக்கடி காரணமில்லாத காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் சூப்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். விழுங்கும் திறனைச் சோதிப்பது பேச்சு சிகிச்சை நிபுணரின் வேலை. எவ்வளவு கெட்டியாக இருந்தால் பாதுகாப்பு என்று அவர் பார்த்துச் சொல்வார். அவர் சொன்ன பிறகு இதே சூப்பை ஒரு துண்டுகூட நிற்காமல் அரைத்து, அந்தப் பதத்துக்குக் கெட்டியாக்கிக் கொடுக்கலாம். முதுகை நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் இறங்கிய பின் அடுத்த வாய் கொடுங்கள். குடித்து முடித்ததும் உடனே படுக்க வைக்காமல் அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும்.