முதல் சம்பளம் வர 37 நாள்

திங்கட்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். நேர்காணல் அறையில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. முதலில் இந்தி, அப்புறம் உடைந்த தமிழ். "உங்க கம்பெனி பையன் காசு வாங்கிட்டு ஏமாத்திட்டான். அவனுக்கு நீங்கதான் கேரண்டி. இன்னைக்குள்ள கட்டலைன்னா அவன் போட்டோ உங்க ஆபீஸ் முழுக்க வரும்."

சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஒரு நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும் எச்.ஆர். (மனிதவள) வேலை எனக்கு. நான் யாருக்கும் கேரண்டி கையெழுத்துப் போட்டதில்லை. அந்தப் பையன் என் எண்ணை 'எச்.ஆர். மேடம் ஒரகடம்' என்று கைபேசியில் சேமித்து வைத்திருந்தான். கடன் ஆப் அவனுடைய தொடர்புப் பட்டியலை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனதில் நானும் போய்விட்டேன். இந்த வருடம் எனக்கு வந்த நான்காவது அழைப்பு இது. பொறுமை போய்த்தான் இதை எழுதுகிறேன்.

பையன் தென்காசிப் பக்கம், எங்களிடம் வேலையில் சேர ஊர் மாறி வந்தவன். மெக்கானிக்கல் டிப்ளமோ. அப்பாவுக்கு விவசாயக் கூலி வேலை. கேன்டீனில் அவனை உட்காரவைத்துக் கணக்குக் கேட்டேன். தட்டில் தயிர்சாதம் அப்படியே இருந்தது. மூன்று பேர் பகிரும் அறை, வாடகை 9,000. மூன்று மாத அட்வான்ஸில் அவன் பங்கு 9,000, முதல் மாத வாடகைப் பங்கு 3,000, தரகருக்கு 1,500. பாய், தலையணை, வாளி, இண்டக்‌ஷன் அடுப்பு, இரண்டு பாத்திரம் என்று 3,500. பஸ்ஸுக்கு ஆயிரம், மருத்துவச் சான்றுக்கு 600. கூட்டினால் 18,600. அப்பா தந்தது 6,000.

மீதிக்கு ஆப்பைத்தான் நம்பினான். 10,000 ரூபாய்க் கடன் என்று சொல்லிக் கையில் தந்தது 6,400, கெடு ஏழு நாள். ஒரு வாரத்துக்கு 3,600 ரூபாய் வட்டி! எங்கள் ஊர்க் கந்துவட்டிக்காரர்களே கூச்சப்படுவார்கள். அதை அடைக்க இரண்டாவது ஆப், அதை அடைக்க மூன்றாவது.

"எங்ககிட்ட ஏம்ப்பா கேக்கல?" என்றேன்.

"கேட்டா ஆஃபரைத் திரும்ப வாங்கிடுவீங்கன்னு நெனச்சேன் மேடம்."

இந்த வருடம் இப்படிச் சிக்கிய நான்கு பேரும் இதைத்தான் சொன்னார்கள். ஒருத்தர்கூட மாற்றிச் சொல்லவில்லை. எனவே மேஜைக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு இடம் காலியானால் அதை நிரப்ப எங்களுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் ஆகிறது. விளம்பரம், எழுத்துத் தேர்வு, இரண்டு சுற்று நேர்காணல், சான்றிதழ் சரிபார்ப்பு. கன்சல்டன்சி மூலம் ஆள் எடுத்தால் அவர்களுக்கு ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் கட்டணமாகக் கொடுப்பது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். இத்தனையும் செய்து தேர்ந்தெடுத்த ஆள் சேரும் நாளில் வராமல் போவதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. ஆஃபர் கடிதம் வாங்கியவர்களில் சிலர் வரவே மாட்டார்கள். போன் செய்தால் ஸ்விட்ச் ஆஃப். அதனால் "சேர விருப்பம் இருக்கிறது, ஊர் மாறி வரக் கையில் பணமில்லை, ஏதாவது வழி உண்டா?" என்று ஒருவர் கேட்டால் எங்களுக்கு வருவது கோபமல்ல, நிம்மதி. இவர் நிச்சயம் வருவார் என்று அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆஃபரைத் திரும்பப் பெற வைக்கும் விஷயங்கள் வேறு. போலி அனுபவச் சான்று, மறைத்த அரியர், சொன்ன தேதிக்கு வராமல் இருப்பது, இப்படி. பணமில்லை என்று சொன்னதற்காக ஒருவரை வேண்டாமென்றதை என் பன்னிரண்டு வருட அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு நிறுவனம் செய்தால் அது சம்பளத்தையும் ஒழுங்காகத் தராது, விட்டுவிடுங்கள்.

சரி, என்ன கேட்பது? முதலில் கேட்க வேண்டியது பணமே இல்லை, தேதி. சம்பளக் கணக்குக்கு ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு கட்-ஆஃப் நாள் உண்டு; அதற்குப் பிறகு சேர்ந்தால் அந்த மாதப் பட்டியலில் பெயர் வராது. எங்களிடம் அது 20. இந்தப் பையன் சேர்ந்தது ஜூன் 24. ஜூன் சம்பளப் பட்டியல் முடிந்துவிட்டது. அந்த ஏழு நாள் கூலியும் ஜூலைச் சம்பளத்தோடு சேர்ந்து ஜூலை 31ஆம் தேதிதான் வரும். ஆக 37 நாள். ஏழு நாள் கெடு வைத்த கடனை 37 நாள் கழித்து வரும் சம்பளத்தில் அடைக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். "மாசக் கடைசியில சம்பளம் வந்துடும்ல மேடம்" என்று அப்பாவியாகக் கேட்கிறான். வரும், ஆனால் அந்த மாசக் கடைசியில் இல்லை. ஜூலை 1ஆம் தேதி சேர்ந்திருந்தால் அதே 31ஆம் தேதி அதே வங்கிக் கணக்குக்குச் சம்பளம் வந்திருக்கும். ஒரு வாரம் கூடுதலாக வீட்டுச் சோறு சாப்பிட்டிருப்பான்.

தேதிக்கு அடுத்து, இடமாற்றச் செலவுக்கு நிறுவனம் ஏதும் தருகிறதா என்று கேளுங்கள். தருவதாகச் சொன்னால், முன்பணமாகவா அல்லது பில் கொடுத்த பிறகா என்று கேளுங்கள். பெரும்பாலும் பில் கொடுத்த பிறகுதான். கையில் காசில்லாதவனுக்கு அதில் பிரயோஜனம் குறைவு. அப்போது டிக்கெட்டையும் முதல் பதினைந்து நாள் தங்குமிடத்தையும் நிறுவனமே நேரடியாக ஏற்பாடு செய்யுமா என்று கேட்கலாம். கெஸ்ட் ஹவுஸ் காலியாகக் கிடக்கும், கேட்காதவருக்கு யாரும் திறந்துவிட மாட்டார்கள். அதுவும் இல்லையென்றால் சம்பள முன்பணம், மூன்று நான்கு மாதத்தில் பிடித்துக்கொள்ளும்படி. எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் வேண்டாம். போனில் சரி என்று சொன்னவர் அடுத்த வாரம் வேலை மாறிப் போயிருப்பார். எங்கள் துறையில் அது சகஜம்.

ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் இடமாற்றப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று கடிதத்தில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பத்து பேர் மட்டும் வேலை செய்யும் சின்னப் பட்டறையில் இதெல்லாம் இருக்காதுதான். ஆனால் தேதியை மாற்ற அவர்களுக்கும் செலவில்லை.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். போன உடனே வீடு பிடிக்காதீர்கள். முதல் மாதம் மேன்ஷனோ, சாப்பாட்டோடு தங்கும் பி.ஜி.யோ, வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதியோ போதும். தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் தோழி விடுதி இருக்கிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும். பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது நெடுநாள் வழக்கம். பேசினால் ஐந்து, ஆறுக்கு இறங்குகிறார்கள். பேசுங்கள்.

பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். ராணுவ அதிகாரி, வீடு எனக்குச் சொந்தம், இப்போது வேறு ஊரில் பணியில் இருக்கிறேன், கியூ.ஆர். அனுப்புகிறேன் ஸ்கேன் செய்யுங்கள் என்று சொல்பவர் ராணுவத்திலும் இல்லை, அது அவர் வீடும் இல்லை. உங்களுக்குப் பணம் வருவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம்; கேட்டால் போவது உங்கள் பணம்தான்.

தனியாளுக்குப் பேக்கர்ஸ் மூவர்ஸ் எதற்கு? ரயிலில் ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு 40 கிலோ வரை இலவசமாகக் கொண்டுபோகலாம். உங்கள் மொத்தச் சொத்தும் அவ்வளவுதான். பைக்கை முதல் மாதம் ஊரிலேயே விடுங்கள். பின்னால் ரயில் பார்சலில் போட்டுக்கொள்ளலாம். ஆர்.சி., இன்சூரன்ஸ், அடையாள அட்டை நகல்களோடு போய், பெட்ரோலைச் சுத்தமாக வடித்துவிட்டு, வைக்கோலும் சாக்கும் சுற்றித் தைத்துக் கொடுக்க வேண்டும். பெட்ரோல் வாசம் அடித்தால் பார்சல் அலுவலகத்தில் ஏற்றமாட்டார்கள்.

இதற்கு மேலும் கடன் வேண்டியிருந்தால், வீட்டில் கம்மலோ மோதிரமோ இருந்தால், வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வையுங்கள். "அம்மா கம்மலக் கழட்டச் சொல்ல மனசு வரல" என்றான் அந்தப் பையன். புரிகிறது. ஆனால் 15,000 ரூபாய்க்கு ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்று வைத்தாலும் மூன்று மாத வட்டி 375 ரூபாய். அந்த ஆப் ஏழு நாளில் தின்றது 3,600. கிரெடிட் கார்டில் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்காதீர்கள், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அம்மாவின் பெயரில் வாராந்திரத் தவணைக் குழுக்கடன் வாங்குவதும் வேண்டாம். நீங்கள் ஒரகடத்தில் இருப்பீர்கள், வாரம் தவறாமல் வசூலுக்கு வருகிறவர் முன்னால் நிற்கப்போவது அம்மாதான்.

இன்னொன்று. லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், யூனிஃபார்ம் பணம் என்று சேருமுன் உங்களிடம் காசு கேட்பது வேலையே அல்ல. தயவுசெய்து கட்டாதீர்கள். ஊர் மாறக் கடன் வாங்கிய பணத்தை இதில் விட்டு வந்தவர்களும் என் முன்னால் அழுதிருக்கிறார்கள்.

ஏற்கெனவே சிக்கியவர்களுக்கு. ரிசர்வ் வங்கி 2022லேயே விதி போட்டுவிட்டது. கடன் ஆப் உங்கள் தொடர்புப் பட்டியலையோ புகைப்படங்களையோ தொடக்கூடாது. மொத்தச் செலவையும் ஆண்டு விகிதமாகக் காட்டும் விவரத்தாளைக் கடனுக்கு முன்பே தரவேண்டும். மிரட்டல் வந்தால் ஸ்கிரீன்ஷாட்டுகளைச் சேமித்துக்கொண்டு, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். ஒரு ஆப்பை அடைக்க இன்னொரு ஆப்பிடம் போகாதீர்கள். அப்புறம், அவர்கள் எங்களுக்கு போன் செய்யும் முன் நீங்களே வந்து சொல்லிவிடுங்கள். அந்த அழைப்புக்கு நாங்கள் பழகிவிட்டோம். உங்களை யாரும் திருடன் என்று நினைக்கப்போவதில்லை.

பையனுக்கு 12,000 முன்பணம் போட்டுக் கொடுத்தோம், நான்கு மாதத்தில் மூவாயிரம் மூவாயிரமாகப் பிடிப்பதாக. அன்று மாலையே 1930க்கு என் மேஜையிலிருந்து பேசினான். குரல் நடுங்கியது, ஆனால் தேதி, தொகை, எண் எல்லாம் தாளில் எழுதி வைத்திருந்தான். அந்த ஆப்காரர் என்னை இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். இரண்டாவது தடவை புகார் எண்ணைச் சொன்னேன். அப்புறம் அழைப்பில்லை.

நேற்று தருமபுரியிலிருந்து ஒரு பெண்ணின் மின்னஞ்சல். "மேடம், 22க்குப் பதில் 1ஆம் தேதி சேரலாமா? தங்குவதற்கும் ஏதாவது ஏற்பாடு உண்டா? கேட்பது தவறென்றால் மன்னிக்கவும்." தேதிக்குச் சரி என்று எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தங்குமிடத்துக்கு விடுதி வார்டனிடம் கேட்டிருக்கிறேன். ஒரு கட்டில் காலியாகிறதாம், வியாழக்கிழமை சொல்கிறேன் என்றார்.