ஒளியைப் பறிக்கும் அயனி

தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகம் கண்ணுக்குத் தெரியாது. ஒளிரும் நானோ துகள் மட்டும் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

கார்பன் புள்ளிகள் எனப்படும், கார்பனால் ஆன ஒளிரும் நானோ துகள்களையே எடுத்துக்கொள்வோம். சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன்டைஅமீனையும் தண்ணீரில் கரைத்து, இறுக மூடிய கலத்தில் 200 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்தால் போதும், 10 நானோமீட்டருக்கும் குறைவான துகள்கள் கிடைத்துவிடும். புற ஊதா விளக்கைக் காட்டினால் கரைசல் பளீரென்று நீலமாக ஒளிரும். ஒளி பட்டதும் எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவுகிறது, சில நானோநொடிகள் கழித்து இறங்கும்போது ஒளியை விடுகிறது. இது பள்ளியில் படித்ததுதான்.

அந்தச் சில நானோநொடிகளில்தான் விஷயமே இருக்கிறது. துகளின் மேற்பரப்பில் உள்ள ஆக்சிஜன், நைட்ரஜன் தொகுதிகள் ஃபெர்ரிக் அயனியை, அதாவது மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்பு அணுவை, பிடித்து வைத்துக்கொள்கின்றன. அயனியின் டி ஆர்பிட்டால்கள் எனப்படும் எலக்ட்ரான் இருக்கைகள் ஐந்திலும் ஒவ்வொரு எலக்ட்ரான்தான், இன்னொன்றுக்கு இடமுண்டு. மேலே தாவிய எலக்ட்ரான் அங்கே போய்விட்டு, ஒளி விடாமலேயே திரும்புகிறது. ஆற்றல் வெப்பமாகக் கரைந்துபோகிறது. அயனி கூடக் கூட நீலம் மங்கும். எவ்வளவு மங்கியது என்பதை வைத்து இரும்பின் அளவைக் கணக்கிடலாம்.

சரி, அயனி துகளோடு முன்பே ஒட்டியிருந்ததா, ஒளிரும் நேரத்தில் வந்து மோதியதா? பிரகாசத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒளிர்வு எத்தனை நானோநொடி நீடிக்கிறது என்று அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மோதல் என்றால் அந்த ஆயுள் குறையும். முன்பே ஒட்டியிருந்தால் அந்தத் துகள் ஒளிர்வதே இல்லை. மிச்சமுள்ளவை தங்கள் முழு ஆயுளுக்கும் ஒளிரும், அதனால் ஆயுள் மாறாது. இத்தனை சிறிய உலகத்தில் நடப்பதை ஒரு கடிகாரம் பிரித்துச் சொல்லிவிடுவது எனக்கு இன்றும் வியப்புதான். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஃபெர்ரிக் அயனியே புற ஊதாவை உறிஞ்சக்கூடியது. துகளைத் தொடாமலேயே வெளிச்சத்தைக் குறைத்துவிடும், அப்போதும் ஆயுள் மாறாது. எந்த நிற ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் உறிஞ்சல் நிறமாலையையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

புதுப்புதுத் துகள்களைச் செய்து, தூய நீரில் சோதித்து முடித்துக்கொள்ளும் ஆய்வுகள் ஏராளம். கலங்கலும் உப்பும் தாமிரமும் கலந்த நிஜத் தண்ணீரில் சோதிப்பதற்குத்தான் இனி நிதி போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கலங்கல் நீரிலும் ஒளி மங்கும். அதை இரும்பு என்று தவறாகப் படித்துவிடக்கூடும்.

இதற்கு ஒரு வழியும் இருக்கிறது. அயனி வந்தாலும் ஒளி மங்காத சிவப்புத் துகளொன்றை நீலத் துகளோடு சேர்த்துவிடுகிறார்கள். நீர் கலங்கினாலோ விளக்கு மங்கினாலோ இரண்டு நிறமும் ஏறக்குறையச் சேர்ந்தே குறையும். இரும்பு வந்தால் நீலம் மட்டும் குறைந்து, கரைசல் ஊதாவிலிருந்து சிவப்புக்கு மாறும். அந்த மாற்றம் வெறும் கண்ணுக்கே தெரியும்.