புறவாசலுக்கு வந்த ஆறுமணிக்குருவி

பதற்ற நோய் உள்ளவரிடம் "மனதை அமைதியாக வைத்துக்கொள்" என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. மனநல மருத்துவராகப் பாளையங்கோட்டையில் நான் பார்க்கிறவர்களில் பலர், அதை வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் வருகிறார்கள். நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, நடுராத்திரியில் விழிப்பு வந்துவிடுகிறது. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னால் சிலருக்குப் படபடப்பு இன்னும் கூடும். கவனம் உள்ளே திரும்பியதும் நெஞ்சுத் துடிப்புதான் பெரிதாகக் கேட்கிறது.

பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருவர், தன் அனுபவத்தை நான் எழுதச் சம்மதித்திருக்கிறார். ஐப்பசி மாதக் காலை, புறவாசலில் துவைகல் அருகே ஈரத் துணியோடு நின்றிருக்கிறார். வாழை மூட்டில் சருகு புரளும் சத்தம். ஓணானாக இருக்கும் என்று திரும்பினால், ஓர் ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, தோளில் நீலம், கண் வழியே ஓடும் கறுப்புப் பட்டை, குட்டை வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. சருகை அலகால் ஒதுக்கிப் புழுவை இழுத்தது. தத்தித் தத்திக் கொஞ்ச தூரம் போய் நின்றது. வாலை மேலும் கீழும் அசைத்தது.

"அது போகிறவரைக்கும் எனக்கு அத்தை ஞாபகமே வரவில்லை டாக்டர்" என்றார். சொல்லும்போது முகத்தில் குற்ற உணர்வு. அந்தக் குற்ற உணர்வு வேண்டியதில்லை என்பதைப் புரியவைக்கத்தான் அன்று அதிக நேரம் பிடித்தது.

பதற்றத்தில் மனம் அடுத்த ஆபத்து எங்கிருந்து வரும் என்று துழாவிக்கொண்டே இருக்கும். பறவை எதிரே நிற்கும்போது அந்தத் துழாவல் நின்றுபோகிறது. அசைந்தால் பறந்துவிடுமே என்று உடம்பு தானாக அடங்குகிறது, தோள் தளர்கிறது, மூச்சு மெதுவாகிறது. வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பும் இறங்குகிறது. இன்னொன்றும் உண்டு, நோயாளியைப் பராமரிப்பவர்களுக்கு அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்: அந்தக் குருவிக்கு அவரிடம் கேட்க எதுவும் இல்லை. மருந்து, கஞ்சி, கணக்கு, பதில் எதுவும்.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 1,292 பேரைக் கைபேசிச் செயலி வழியாகத் தொடர்ந்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். பறவையைப் பார்த்த, அதன் குரலைக் கேட்ட வேளைகளில் மனநிலை மேம்பட்டிருந்தது; மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடமும் அப்படியே. அதை மட்டும் வைத்துப் பறவைதான் காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனால் என் அறையில் நான் கேட்பதோடு அது ஒத்துப்போகிறது.

பறவை பார்க்கத் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். தை, மாசியில் அவசியம் போங்கள். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரில், வீட்டு மரங்களிலேயே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டுகின்றன. பறவைகள் மிரளக்கூடாது என்று ஊர்மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அன்றாடத்துக்கு நயினார்குளக் கரை போதும், உங்கள் தெருவின் வேப்பமரமும் போதும். கைபேசியை மட்டும் வெளியே எடுக்காதீர்கள். படம் பிடிக்கக் கிளம்பினால் அங்கேயும் பரபரப்பு வந்துவிடும்.

இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

வருகிற பறவைக்கும் நாம் செய்ய வேண்டியது இருக்கிறது. ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வருவது. களைத்துப்போய் வீட்டுக்குள் விழுவதும் உண்டு. உடனே மின்விசிறியை நிறுத்துங்கள், பூனையை விரட்டுங்கள். துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, சத்தமில்லாத இருட்டில் வையுங்கள். அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தெம்பு வந்ததும் புதர் ஓரமாகப் பெட்டியைத் திறந்துவிடுங்கள். சிறகு ஒடிந்திருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூண்டில் வைத்து வளர்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.