சரிவு வந்தால் எந்தக் கட்சியைக் கேட்பது?

2016 நவம்பரில் தாமிரபரணிக் கரை ஊர்களில் இரண்டு தட்டுப்பாடுகள் சேர்ந்து இறங்கின. முதலாவது மழை. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. பிசான நெல் சாகுபடி நம்பியிருக்கிற மழை அதுதான். இரண்டாவது ரொக்கம். நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டுகளில்தான் இருந்தது. ஆலங்குளம், முக்கூடல், கடையம், மேலப்பாளையம் பக்கத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களுக்கும், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களுக்கும் கூலி கையில் ரொக்கமாக வந்துகொண்டிருந்த காலம் அது.

அந்த வருஷம் கெட்டுப்போனதற்கு யார் பொறுப்பு? மத்தியில் பாஜக ஆட்சி, மாநிலத்தில் அதிமுக ஆட்சி. டீக்கடையில் கேட்டால் ஒருவர் மோடியைச் சொல்வார், ஒருவர் அன்றைய மாநில அரசைச் சொல்வார், இன்னொருவர் "மழை பெய்யாததற்கு யாரைக் குறை சொல்ல?" என்பார். மூன்று பதிலிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். எவ்வளவு என்பதுதான் கேள்வி. அந்த அளவைக் கண்டுபிடிப்பதற்குப் பொருளாதார ஆய்வாளர்களிடம் முறைகள் இருக்கின்றன. மேடைப் பேச்சுகளில் அவை வருவதே இல்லை. ஓட்டுப் போடுகிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று நான் நினைப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு முடிவு ஒரு சரிவை உண்டாக்கியது என்று சொல்ல, அந்த முடிவு எடுக்கப்படாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரிய வேண்டும். சிக்கல் அங்கேதான். ஆய்வுக்கூடத்தில் இரண்டு பாத்தி போட்டு, ஒன்றுக்கு உரம் வைத்து, இன்னொன்றைச் சும்மா விட்டுப் பார்க்கலாம். நாட்டை அப்படி இரண்டாக்க முடியாது. பணமதிப்பிழப்பு நடக்காத இன்னொரு இந்தியா எங்கும் கிடையாது. அதனால் ஆய்வாளர்கள் நாட்டுக்குள்ளேயே, ஏதோ ஒரு காரணத்தால் அடி குறைவாக விழுந்த இடங்களைத் தேடுவார்கள்.

பணமதிப்பிழப்பில் அப்படி ஒரு வாய்ப்பு கிடைத்தது. புது நோட்டுகள் எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே வேகத்தில் போய்ச் சேரவில்லை. சில மாவட்டங்களுக்குச் சீக்கிரம் வந்தன, சில மாவட்டங்கள் வாரக்கணக்கில் காய்ந்தன. அந்த வேறுபாடு பெரும்பாலும் அச்சடிப்பதிலும் கொண்டுசேர்ப்பதிலும் இருந்த சிக்கலால் வந்தது, மாவட்டத்தின் பொருளாதார நிலையைப் பார்த்து யாரும் பங்கிட்டதால் வந்தது அல்ல. கேப்ரியல் சோடோரோ-ரைக், கீதா கோபிநாத், பிராச்சி மிஸ்ரா, அபினவ் நாராயணன் ஆகிய நான்கு பேர் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நோட்டு அதிகம் வற்றிய மாவட்டங்களையும் குறைவாக வற்றிய மாவட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, செயற்கைக்கோள் படம்பிடித்த இரவு வெளிச்சம், வேலைவாய்ப்பு, வங்கிக் கடன் எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள். கடைத்தெருவும் பட்டறையும் ஓய்ந்தால் இரவில் விளக்கு குறையும். அது விண்வெளியிலிருந்தே தெரியும். மழை இல்லாத மாவட்டங்கள் இரண்டு பக்கத்திலும் கலந்திருந்தால், வறட்சியின் பங்கு கழிந்து நோட்டுத் தட்டுப்பாட்டின் பங்கு தனியாகத் தெரியவரும். 2020-இல் வெளியான அவர்களுடைய ஆய்வின் முடிவு இது: பணமதிப்பிழப்பு நடந்த காலாண்டில் நாட்டின் பொருளாதாரச் செயல்பாட்டு வளர்ச்சி குறைந்தது 2 சதவீதப் புள்ளி அடிபட்டது, அடுத்த சில மாதங்களில் அந்தப் பாதிப்பு தேய்ந்து மறைந்தது.

இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். "ஒன்றுமே ஆகவில்லை" என்றவர்களும் தவறு, "அந்த ஒரு முடிவால்தான் பல வருஷத்துக்கு எல்லாம் அழிந்தது" என்றவர்களும் இந்த எண்ணைச் சான்றாகக் காட்ட முடியாது. ஒரு அரசு எடுத்த ஒரு முடிவுக்கு, ஒரு காலாண்டுக்கு, ஒரு அளவு. பொறுப்பு என்பதை இந்தத் துல்லியத்தில் பேச முடிகிறது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஒரு காலாண்டுதானே என்று அதை ஒதுக்கவும் கூடாது. வாரக் கூலியில் வாழ்கிற வீட்டுக்கு மூன்று மாதம் என்பது அடகுக் கடையில் போன நகை, கந்து வட்டிக்கு வாங்கிய கடன், நின்றுபோன டியூஷன்.

வறட்சிப் பக்கம் வருவோம். மழை இல்லாததற்கு எந்தக் கட்சியும் பொறுப்பல்ல. ஆனால் வாக்காளர்கள் அப்படி நடந்துகொள்வதில்லை. ஷான் கோல், ஆண்ட்ரூ ஹீலி, எரிக் வெர்க்கர் மூவரும் இந்திய மாநிலத் தேர்தல் முடிவுகளையும் மழை அளவுகளையும் சேர்த்துப் பார்த்து 2012-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மழை கெட்ட ஆண்டில் ஆளுங்கட்சி ஓட்டு இழக்கிறது. வானம் செய்த தவறுக்குக் கட்சி தண்டனை வாங்குகிறது. ஆனால் நிவாரணத்தில் மும்முரமாக இறங்கிய அரசுகளுக்கு அந்த இழப்பு குறைகிறது. அதாவது மக்கள் கண்ணை மூடிக்கொண்டு மட்டும் தண்டிக்கவில்லை, அரசு என்ன செய்தது என்றும் பார்க்கிறார்கள். இதே ஆய்வில் வருத்தம் தரும் ஒரு பகுதியும் உண்டு. தேர்தலுக்கு முந்தைய ஓராண்டில் நடந்தது மட்டும்தான் ஓட்டில் தெரிகிறது. அதற்கு முந்தைய வறட்சியும் அதில் செய்த நிவாரணமும் மறந்துவிடுகின்றன. அரசுகளும் இதைப் புரிந்துவைத்திருப்பதுபோல, தேர்தல் ஆண்டில்தான் நிவாரணத்துக்கு அதிகம் கைதிறக்கின்றன.

அமெரிக்காவிலும் இதே குழப்பம் உண்டு. ஆலன் பிளைண்டர், மார்க் வாட்சன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அதிபர் ட்ரூமன் காலத்திலிருந்து கணக்கெடுத்தார்கள். ஜனநாயகக் கட்சி அதிபர்களின் காலத்தில் ஆண்டு வளர்ச்சி சராசரி 4.33 சதவீதம், குடியரசுக் கட்சி அதிபர்களின் காலத்தில் 2.54. இந்த எண்ணை மேடையில் சொன்னால் கைதட்டல் உறுதி. ஆனால் அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, அரசின் வரி, செலவுக் கொள்கையிலோ வட்டிக் கொள்கையிலோ அது பெரிதாகக் கிடைக்கவில்லை. கச்சா எண்ணெய் விலை, உற்பத்தித்திறன், உலகச் சூழல் ஆகியவற்றில்தான் பெரும்பகுதி இருந்தது. பொறுப்பைப் பற்றி எண் தானாகப் பேசாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, அப்படியானால் கட்சிகள் தப்பித்துவிடுமா? இல்லை. ஒரு சரிவை மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்த்தால் அவற்றின் பங்கு தெரியும். முதல் அடுக்கு அதிர்ச்சி: போர், எண்ணெய் விலை, வறட்சி, தொற்று. இரண்டாவது, அந்த அதிர்ச்சி வரும்போது நாடு எவ்வளவு பலவீனமாக இருந்தது என்பது. மூன்றாவது, வந்த பிறகு அரசு என்ன செய்தது என்பது. முதலாவதில் கட்சிக்குப் பங்கு பெரும்பாலும் குறைவு. அந்த அதிர்ச்சியை அரசே உண்டாக்கினால் தவிர. பணமதிப்பிழப்பு அந்த வகை. இரண்டாவதில் பங்கு உண்டு, ஆனால் அது பல ஆட்சிகளுக்குச் சேர்த்துப் போய்ச் சேரும். மூன்றாவது முழுக்க முழுக்க ஆட்சியில் இருப்பவர்களுடையது.

1991 நெருக்கடியை இப்படிப் பிரித்துப் பாருங்கள். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. எண்ணெய் விலை எகிறியது. குவைத்திலும் ஈராக்கிலும் இருந்த 1,70,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானத்தில் திரும்ப வேண்டியிருந்தது. கடையநல்லூர், மேலப்பாளையம் போல வளைகுடாப் பணத்தை எதிர்பார்க்கும் ஊர்களுக்கு வெளிநாட்டுச் செய்தி வீட்டுச் செய்தியாகிவிடுகிற நேரம் இது. அதிர்ச்சிக்கு இந்தியாவின் எந்தக் கட்சியும் காரணமல்ல. ஆனால் பலவீனம் உள்ளூர்ச் சரக்கு. 1980-களில் அரசின் பற்றாக்குறையும் வெளிநாட்டுக் கடனும் ஏறிக்கொண்டே போயிருந்தன. அந்தப் பத்தாண்டில் பெரும்பாலும் காங்கிரஸ் ஆட்சி. அடி விழுந்தபோது நாற்காலியில் இருந்தவர்கள் வேறு ஆட்கள்: முதலில் வி.பி.சிங், அடுத்து காங்கிரஸின் வெளி ஆதரவில் நின்ற சந்திரசேகர். அந்த ஆதரவு விலகியதில் முழு பட்ஜெட்கூடப் போட முடியாமல் போனது. அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் போதும் என்ற நிலையில் 1991 மே மாதம் 20 டன் தங்கம் வெளியே போனது, ஜூலையில் நரசிம்ம ராவ் ஆட்சியில் இன்னும் 47 டன் அடகுக்குப் போனது. "தங்கத்தை அடகு வைத்த ஆட்சி" என்று யாரைச் சொல்வது? பல பிரதமர்களின் காலம் இதில் கலந்திருக்கிறது. சரிவு தெரிகிற நாளும் அது விதைக்கப்பட்ட நாளும் ஒன்றல்ல. நாற்காலியில் இருப்பவரை மட்டும் பார்த்தால் விதைத்தவர் தப்பித்துவிடுவார்.

காலதாமதம் இன்னொரு வழியிலும் கண்ணை மறைக்கும். ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை (மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை) மாற்றினால் அது கடனிலும் விலைவாசியிலும் முழுதாக இறங்கப் பல மாதங்கள், சில சமயம் ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். அதற்குள் தேர்தல் வந்து ஆட்சியே மாறியிருக்கலாம்.

சில வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் வருவதே பொருளாதாரத்தில் ஒரு அலையை உண்டாக்கும் என்று 1975-இல் அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர் வில்லியம் நார்ட்ஹாஸ் எழுதினார்: தேர்தலுக்கு முன் செலவைக் கூட்டி நல்ல காலம் காட்டுவது, முடிந்த பிறகு இறுக்குவது. இந்தியாவில் இதைச் சோதித்தவர் மேலே சொன்ன ஷான் கோல். பொதுத்துறை வங்கிகளின் விவசாயக் கடன் தேர்தல் ஆண்டுகளில் கூடுகிறது, போட்டி கடுமையான மாவட்டங்களில் இன்னும் கூடுகிறது, தனியார் வங்கிகளில் அந்த ஏற்றம் இல்லை, விளைச்சலும் கூடுவதில்லை. தமிழ்நாட்டில் இதற்குத் தூரம் போக வேண்டாம். 2021 தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பு அதிமுக அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. திமுக ஐந்து சவரன் வரையிலான கூட்டுறவு நகைக்கடனைத் தள்ளுபடி செய்வதாக வாக்குறுதி கொடுத்தது. கடன்பட்டவருக்கு நிம்மதி கிடைத்தது உண்மை. அந்தச் சுமை அடுத்த ஐந்து வருஷத்து நிதிநிலையில் உட்காரும் என்பதும் உண்மை. அப்போது பணம் இல்லை என்று அரசு கைவிரிக்கும்போது, முன்பு கைதட்டியது யாருக்கு நினைவிருக்கும்?

நம் பக்கத்தில் அடிக்கடி வருகிற இன்னொரு பிழையையும் சொல்ல வேண்டும். மந்தநிலையும் ஒரு தொழிலின் நெடுங்காலத் தேய்வும் வேறு வேறு. பீடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2003 புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2016-இலிருந்து உறையில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பீடிக்கு 28 சதவீத வரி. வேறு வேறு ஆட்சிகள் வேறு வேறு காரணங்களுக்காக எடுத்த முடிவுகள் இவை. புகைக்கிறவர்கள் குறைவது நாட்டின் நுரையீரலுக்கு நல்லது. அதைச் சரிவு என்று எந்தக் கட்சி மீதும் வழக்குப் போட நான் தயாரில்லை. ஆனால் சுற்றும் பெண்களின் விரல்களுக்கு மாற்று வேலை என்ன என்று எந்த ஆட்சி யோசித்தது, எது யோசிக்கவில்லை என்பது முழுக்க நியாயமான கேள்வி. அது மேலே சொன்ன மூன்றாவது அடுக்கு. அந்தக் கேள்வியை எல்லாக் கட்சிகளிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

யாரிடம் எதைக் கேட்பது என்பதில் அதிகாரப் பங்கீடும் முக்கியம். நோட்டு, வட்டி, பெட்ரோல் மீதான கலால் வரி, இறக்குமதி எல்லாம் டெல்லி. ஜிஎஸ்டி மத்தியும் மாநிலங்களும் சேர்ந்த கவுன்சில். குளம் தூர்வாருவது, கால்வாய் மராமத்து, கூட்டுறவுக் கடன் சென்னை. பாளையங்கால்வாயில் தண்ணீர் கடைமடைக்குப் போகாததற்கு டெல்லியைத் திட்டுவதிலும், ரொக்கம் வற்றியதற்குச் சென்னையைத் திட்டுவதிலும் பயனில்லை. பேரிடர் நிவாரணத்தில்தான் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. 2017 ஜனவரியில் தமிழ்நாடு அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்து, மத்திய அரசிடம் 39,565 கோடி கேட்டது. மத்திய அரசு வறட்சிக்கு ஒப்புதல் தந்தது சுமார் 1,748 கோடி. கேட்டது மிகையா, கொடுத்தது கஞ்சத்தனமா என்று இரண்டு பக்கமும் வாதிடலாம். மழை யார் கையிலும் இல்லை என்று இரண்டு அரசும் ஒதுங்க முடியாத இடம் இது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் பேச வேண்டிய எண்கள் இவை.

கடைசியாக, எனக்கு மிகவும் கோபம் வருகிற ஒன்று: வளர்ச்சியை அளக்கிற முறை. பணமதிப்பிழப்பு நடந்த 2016-17-க்கான அதிகாரப்பூர்வ வளர்ச்சி முதலில் 7.1 சதவீதம் என்று வந்து, பிறகு 8 சதவீதத்துக்கு மேல் திருத்தப்பட்டது. இது எப்படி? அப்போதைய காலாண்டு ஜிடிபி (நாட்டின் மொத்த உற்பத்தி) கணக்கில் திண்ணைத் தொழில்களை நேரடியாக அளக்கவில்லை. பெரிய கம்பெனிகளும் பதிவுபெற்ற தொழில்களும் வளர்ந்த வேகத்தையும் வேறு சில குறியீடுகளையும் வைத்துத்தான் சிறு தொழில்களின் வளர்ச்சியை மதிப்பிட்டார்கள். வழக்கமான ஆண்டுகளில் இது ஓரளவு ஒத்துவரும். சின்னவர்களை மட்டும் குறிவைத்து அடித்த ஆண்டில், அடி விழுந்தவர்களே கணக்கில் மறைந்துவிடுவார்கள். இரவு வெளிச்சத்தை எண்ணுவதற்கு ஆய்வாளர்கள் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025-இலிருந்து தேசிய புள்ளியியல் அலுவலகம் பதிவுபெறாத சிறு தொழில்களைப் பற்றிக் காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தருகிறது. வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு மாதந்தோறும் வருகிறது. மாதிரி எடுப்பதற்கு மாவட்டத்தை அடிப்படை அலகாக வைத்திருக்கிறார்கள். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி என்று மாவட்ட வாரியாக அந்த எண்கள் உடனுக்குடன் பொதுவில் வெளிவர வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கேட்க வேண்டும். இதுவரை எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் நான் அதைப் பார்க்கவில்லை.