க்ரூஸ் கன்ட்ரோல் பிடிக்கவில்லையா? முதலில் பிரேக் விளக்கைப் பாருங்கள்

சேலம் புறவழிச்சாலையை ஒட்டிய எங்கள் பட்டறைக்கு ஒரு மாலையில் ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வந்தது. பெங்களூருவில் வேலை பார்த்து, வார இறுதியில் ஊருக்கு வந்து போகும் இளைஞர் அதன் உரிமையாளர். "அண்ணே, ஒரு மாசமா க்ரூஸ் பிடிக்கவே மாட்டேங்குது. ஸ்டியரிங் ஸ்விட்ச்சைப் புதுசா மாத்திக் குடுத்தாங்க, அப்பவும் அப்படியேதான் இருக்கு" என்றார். ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமலேயே வண்டியை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் வசதிதான் க்ரூஸ் கன்ட்ரோல். அதன் மெயின் பொத்தானை அழுத்தினால் மீட்டரில் க்ரூஸ் குறி வந்துவிடுகிறது. கிருஷ்ணகிரி தாண்டி, போக்குவரத்துக் குறைந்த இடத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில், அந்த வேகத்தைப் பிடித்து வைக்கச் சொல்லும் 'செட்' பொத்தானை அழுத்தும்போதுதான் எதுவும் நடப்பதில்லை என்பது அவருடைய புகார். பேச்சோடு பேச்சாக, இரண்டு வாரத்துக்கு முன் பேட்டரி மாற்ற நேர்ந்ததையும் சொன்னார்.

வண்டியை அணைத்துப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றிருக்க, நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பிரேக் விளக்குகள் மூன்றும் எரிந்துகொண்டிருந்தன. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, மிதியடியின் மேல் பழுப்பு நிறத்தில் நான்கைந்து பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தன. பிரேக் பெடலின் கையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிறிய தடுப்பு செருகப்பட்டிருக்கும். காலை எடுத்ததும் பெடல் மேலே வந்து, இந்தத் தடுப்பால் பிரேக் ஸ்விட்ச்சின் முனையை உள்ளே தள்ளி நிறுத்தும். வெயிலிலும் வயதிலும் அந்தப் பிளாஸ்டிக் இற்று உதிர்ந்துவிட்டால், அது இருந்த ஓட்டை வழியாக ஸ்விட்ச்சின் முனை வெளியே நீண்டுவிடும். பிறகு, பெடலில் யார் கால் வைத்தாலும் வைக்காவிட்டாலும், ஓட்டுநர் பிரேக்கை மிதித்தபடியே இருக்கிறார் என்றுதான் வண்டி நினைக்கும். பிரேக்கில் கால் இருக்கும்போது க்ரூஸ் எப்படிப் பிடிக்கும்? வண்டியை அணைத்த பிறகும் பிரேக் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்ததுதான் பேட்டரி இறங்கியதற்கும் காரணம். ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கை மிதித்தால்தான் கியர் நெம்பு 'பி' என்ற பார்க்கிங் நிலையிலிருந்து நகர வேண்டும். மிதிக்காமலேயே நகர்கிறதா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஆமாண்ணே, அது நல்லதுன்னு நினைச்சேன்" என்றார்.

ஒரு மாதமாக இந்த வண்டி தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு முன்னால், எரியும் பிரேக் விளக்குகளோடு ஓடியிருக்கிறது. இவர் உண்மையாகவே பிரேக் பிடித்த தருணங்களில் பின்னால் வந்தவர்களுக்கு அதை அறிய வழியே இருந்திருக்காது. க்ரூஸ் வேலை செய்யவில்லை என்று அலுத்துக்கொண்டதால்தான் இது வெளியே தெரிந்தது.

இந்த வேலையில் நான் அதிகம் கேட்கும் வாக்கியம், "க்ரூஸ் யூனிட் போயிருச்சு, மாத்தணும்" என்பது. அப்படியொரு தனி யூனிட் ஒரு காலத்தில் இருந்தது. அமெரிக்காவில் ரால்ஃப் டீட்டர் என்ற பார்வையற்ற பொறியாளர் கண்டுபிடித்த கருவி 1958ஆம் ஆண்டின் கிரைஸ்லர் கார்களில் வந்தபோது, அது வேகமானியின் கேபிளிலிருந்து சுழற்சியை எடுத்து, தனி மோட்டார் மூலம் ஆக்ஸிலரேட்டரை நகர்த்தியது. பின்னாளில் வெற்றிடத்தால் இயங்கும் உறுப்பும் கேபிளும் கொண்ட வகைகள் வந்தன. அவற்றில் ரப்பர் குழாய் வெடித்தால் க்ரூஸ் நின்றுவிடும். இன்று நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலே மின்னணுக் கட்டுப்பாட்டில் இருப்பதால், க்ரூஸ் என்பது எஞ்சின் கணினிக்குள் இருக்கும் ஒரு மென்பொருள் வேலை மட்டுமே. கழற்றி மாற்ற அங்கே தனியாகப் பெட்டி ஏதும் கிடையாது. ஆகவே க்ரூஸ் பிடிக்கவில்லை என்றால், கணினி ஏதோ ஒரு தகவலை நம்ப மறுக்கிறது என்றே முதலில் கொள்ள வேண்டும். கால் வைக்காமலேயே எரிபொருள் கொடுக்கும் ஏற்பாடு இது என்பதால், பிரேக்கைத் தொட்டதும் விடுபட முடியும் என்ற உறுதி கிடைக்காதவரை கணினி இசையாது.

அந்த உறுதிக்காகவே இன்றைய பிரேக் ஸ்விட்ச்சுக்குள் பெரும்பாலும் இரண்டு இணைப்புகள் இருக்கின்றன. பெடலை மிதித்தால் ஒன்று மூடும், மற்றது திறக்கும். முதலாவது பின்விளக்கை எரியவைக்கும். இரண்டாவது கணினிக்கு மட்டுமே செய்தி சொல்லும். இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று கணினி ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "பிரேக் லைட் நல்லா எரியுதே, ஸ்விட்ச் எப்படிக் கெட்டுப்போகும்?" என்ற கேள்வி நியாயமானதுதான், ஆனால் விளக்கு எரிவது முதல் இணைப்புக்கு மட்டுமே சாட்சி. இரண்டாவது தேய்ந்திருந்தால் விளக்கு ஒழுங்காக எரியும், க்ரூஸ் மட்டும் வராது. கணினி பதிந்து வைத்த கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் பெரும்பாலும் பி0504 அல்லது பி0571 என்ற குறியீடு நினைவகத்தில் கிடக்கும். முன்னது இரண்டு இணைப்புகளும் ஒத்துப்போகவில்லை என்பதையும், பின்னது பிரேக் ஸ்விட்ச் மின்சுற்றில் கோளாறு என்பதையும் குறிக்கும். குறியீடே இல்லாவிட்டாலும், ஸ்கேனரில் நேரடித் தரவைத் திறந்து வைத்துக்கொண்டு பெடலை விரல் நுனியால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு இணைப்புகளுக்கும் உரிய வரிகள் ஏறத்தாழ ஒரே கணத்தில் மாற வேண்டும். முழுதாக மிதித்துப் பார்த்துவிட்டு "சரியா இருக்கு" என்று சொல்பவர்கள் தவறவிடுவது இந்த முதல் சில மில்லிமீட்டர்களைத்தான்.

பழைய வண்டிகள் சிலவற்றில் விளக்கின் இழை வழியாகவே க்ரூஸ் சுற்றுக்கு எர்த் கிடைக்கும். அவற்றில் பல்புகள் எல்லாம் போய்விட்டாலோ, அழகுக்காக எல்இடி மாட்டினாலோ க்ரூஸ் நின்றுவிடும். துணைப்பொருள் கடையில் பின்கண்ணாடிக்கு ஒளிப்பட்டை மாட்டும்போது பிரேக் விளக்கின் கம்பியைச் சீவி முறுக்கி டேப் சுற்றிய இடமும், ஒரு மழைக்குப் பிறகு பச்சையாகப் பூத்து இதே வேலையைச் செய்யும்.

கையால் கியர் மாற்றும் வண்டிகளில் கிளட்ச் பெடலுக்கும் ஸ்விட்ச் உண்டு. இங்கே கோளாறு பல நேரம் ஓட்டுநரின் இடது காலில் இருக்கிறது. நகர நெரிசலில் பழகிய நம்மில் பலர், நெடுஞ்சாலையிலும் கிளட்ச்சின் மேல் காலைச் சாய்த்துக்கொண்டே ஓட்டுகிறோம். பாதத்தின் எடைக்கே பெடல் லேசாக இறங்கி ஸ்விட்ச்சை விடுவித்துவிடுவதால் க்ரூஸ் பிடிப்பதில்லை, பிடித்தாலும் குலுங்கும் இடத்தில் விட்டுவிடுகிறது. வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து நானே ஓட்டிக் காட்டும்போது க்ரூஸ் ஒழுங்காக வேலை செய்தால், முதலில் அவருடைய இடது காலைத்தான் சந்தேகிப்பேன். காலைத் தரையில் வைக்கப் பழகினால் கிளட்ச் தட்டும் கூடுதல் நாள் வரும்.

இந்தக் கிளட்ச் ஸ்விட்ச் விஷயத்தில் ஒரு காரியத்தை யாரும் செய்துவிட வேண்டாம். ஒரு வாடகைக் காரில் எங்கோ ஒருவர், ஸ்விட்ச் கிடைக்கவில்லை என்பதற்காக அதன் இரண்டு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டிருந்தார். க்ரூஸ் உடனே பிடித்தது, ஓட்டுநருக்கும் மகிழ்ச்சி. இரண்டு நாள் கழித்து, சங்ககிரி அருகே க்ரூஸில் போய்க்கொண்டிருந்தவர் முன்னால் மாடு குறுக்கிட்டதும் பழக்கத்தில் முதலில் கிளட்ச்சை மிதித்திருக்கிறார். கிளட்ச் மிதிபட்ட செய்தி கணினிக்குப் போகவே இல்லை. சக்கரத்தின் பிடியிலிருந்து விடுபட்ட எஞ்சின், வேகம் குறையாமல் காக்க எரிபொருளை வாங்கி அலறியிருக்கிறது. அடுத்த நொடி பிரேக்கை அழுத்தியதால் பிழைத்தார். அந்த முறுக்கிய கம்பியை நான் பிரித்தபோது அதில் டேப்பும் இல்லை. உலோகச் சட்டத்தில் உரசிப் பளபளத்துக்கொண்டிருந்தது.

'செட்' அழுத்துவதற்கு முன்பே, மெயின் பொத்தானுக்கே மீட்டரில் குறி வராவிட்டால் அது வேறு கதை. ஃபியூஸைப் பார்த்த பிறகு, ஹாரனை அடித்துப் பாருங்கள். பாட்டுச் சத்தம் கூட்டும் பொத்தானையும் அழுத்துங்கள். ஹாரன் இல்லை, ஸ்டியரிங் பொத்தான்கள் இல்லை, ஏர்பேக் விளக்கும் எரிகிறது என்றால், ஸ்டியரிங்குக்கு அடியில் சுருண்டிருக்கும் ஸ்பைரல் கேபிள் அறுந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். கடிகாரச் சுருளைப் போலச் சுற்றப்பட்ட தட்டையான நாடா அது. ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் சுருங்கி விரிந்து, ஒருநாள் மடிப்பில் விரிசல் காணும். அதை வீட்டில் கழற்ற முயல வேண்டாம். அதே நாடாதான் ஏர்பேக்குக்கும் மின்சாரம் கொண்டுபோகிறது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, அந்த வண்டிக்கான கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, சக்கரங்களை நேராக வைத்து, புதிய சுருளின் நடுப்புள்ளியைச் சரிபார்த்துப் பொருத்த வேண்டிய வேலை இது. நடுப்புள்ளி தவறினால், முதல் முழு ஒடிப்பிலேயே புது நாடாவும் அறுந்துவிடும்.

க்ரூஸ் வராததோடு எஞ்சின் விளக்கோ, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் விளக்கோ எரிந்துகொண்டிருந்தால், க்ரூஸை மறந்துவிட்டு அந்த விளக்கின் காரணத்தைத் தேடுங்கள். சக்கர வேக உணரி ஒன்று சேறு பிடித்தோ கம்பி அறுந்தோ நின்றால், வண்டியின் உண்மையான வேகம் என்ன என்பதில் கணினிக்குச் சந்தேகம் வந்துவிடும். வேகமே தெரியாமல் வேகத்தைப் பிடித்து வைக்க முடியாது. சில வண்டிகளில் எஞ்சின் விளக்கு எந்தக் காரணத்துக்காக எரிந்தாலும் க்ரூஸ் தானாகவே விலகிக்கொள்ளும்.

முன்னால் செல்லும் வண்டியைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் அடாப்டிவ் வகையில், முன்புற கிரில்லுக்குள்ளோ பம்பருக்குப் பின்னாலோ ரேடார் இருக்கும். இரவுப் பயணத்தில் ஒட்டிய பூச்சிகளும் மழைச் சேறும் அதை மறைத்தால், மீட்டரில் எச்சரிக்கை வந்து க்ரூஸ் மறுக்கும். ஈரத் துணியால் துடைத்தாலே சரியாகிவிடும். துடைத்தும் சரியாகவில்லை என்றால், அண்மையில் பம்பருக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தீர்களா, முன்கண்ணாடி மாற்றினீர்களா என்று நினைத்துப் பாருங்கள். இந்த வேலைகளுக்குப் பிறகு ரேடாரையும் கண்ணாடிக்குப் பின்னுள்ள கேமராவையும் மீண்டும் அளவு செய்து நிறுத்த வேண்டியிருக்கும். 2017 இறுதியிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தடுத்துவிட்ட 'புல் பார்' எனும் முன்புற இரும்புக் கம்பித் தடுப்பை இன்னும் ஆசையாக மாட்டுபவர்கள், அது ரேடாரின் கண்ணுக்கு நேரே நிற்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பழுதே இல்லாமல் பட்டறைக்கு வரும் வண்டிகளும் உண்டு. பெரும்பாலான சாதாரண க்ரூஸ் அமைப்புகள் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே பிடிக்காது; முதல் கியரிலும் நியூட்ரலிலும் பிடிக்காது. குறித்த வேகத்தைத் தாண்டவிடாமல் மட்டும் தடுக்கும் வேக வரம்புப் பொத்தான் தனியாக உள்ள கார்களில், க்ரூஸ் என்று நினைத்து அதை அழுத்திவிட்டு, காலை எடுத்ததும் வேகம் குறைகிறது என்று வருபவர்கள் மாதம் ஒருவராவது இருக்கிறார்கள். அவர்களிடம் நான் பணம் வாங்குவதில்லை.

அந்த இளைஞரின் வண்டிக்குப் புதிய தடுப்பை விரலாலேயே அழுத்திப் பொருத்தினேன்; 'டக்' என்று உட்கார்ந்தது. பின்விளக்கு அணைந்ததை அவரைவிட்டே பார்க்கச் சொன்னேன். பிறகு இருவரும் புறவழிச்சாலைக்குப் போனோம். அறுபதில் 'செட்' அழுத்தியதும் குறி பச்சையானது, அவர் சிரித்துவிட்டார். "இப்ப பிரேக்கை லேசாத் தொடுங்க தம்பி" என்றேன். விட்டது. மீண்டும் பிடிக்கவைத்து 'கேன்சல்' அழுத்தச் சொன்னேன். விட்டது. ஒவ்வொன்றையும் மும்முறை செய்து பார்த்த பிறகுதான் வண்டியைத் திருப்பச் சொன்னேன்.