பிளாசிபோ: தமிழில் மருந்துப்போலி

பிளாசிபோ என்ற சொல் மருத்துவமனை வராந்தாவைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. கொரோனா தடுப்பூசி ஆய்வுகள் நடந்த நாட்களில் செய்தித்தாளிலும் டிவியிலும் அடிபடாத நாளே இல்லை. ஆனால் தமிழில் எழுதும்போது பலர் அதை ‘போலி மருந்து’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘ஆய்வில் ஒரு பிரிவினருக்குப் போலி மருந்து கொடுக்கப்பட்டது’ என்ற வரியைக் காட்பாடியிலிருந்து சித்தூர் வரை எந்த ஊர் டீக்கடையில் வாசித்துக் காட்டினாலும் ஒரே பொருள்தான் கொள்வார்கள்: யாரோ கள்ள மருந்து கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கில் ‘நகிலி மந்து’ என்றாலும் இதேதான். போலீஸ் பிடிக்க வேண்டிய சரக்கு.

பிளாசிபோ அப்படிப்பட்டதே இல்லை. அசல் மருந்தின் நிறம், வடிவம், சுவை எல்லாம் அப்படியே இருக்கும். நோயோடு மோதும் பொருள் மட்டும் உள்ளே இருக்காது. மாத்திரையாகவோ ஊசியாகவோ சொட்டு மருந்தாகவோ இருக்கலாம். ஒரு புதிய மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, ஆய்வில் சேர்ந்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தையும் இன்னொரு பிரிவுக்கு இதையும் கொடுப்பார்கள். யாருக்கு எது போனது என்பது வாங்குபவருக்கும் தெரியாது, கொடுக்கும் நர்சுக்கும் டாக்டருக்கும் தெரியாது. இதைத்தான் இரட்டை மறைப்பு என்கிறோம்.

மருந்து கொடுத்தோம், குணமாகிவிட்டது, அது போதாதா? போதாது. சளி, வயிற்றுப்போக்கு, முதுகுவலி எல்லாம் பெரும்பாலும் தானாகவே தணியும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் டாக்டரிடம் ஓடுகிறோம். அங்கிருந்து அது குறையத்தான் செய்யும். பெயர் என்னவோ கடைசியாக விழுங்கிய மாத்திரைக்குப் போய்விடும். இதோடு நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. அதற்கு நம்மிடம் அருமையான ஒரு சொல் இருக்கிறது: கைராசி. ‘அவர் கை வெச்சாலே பாதி நோய் போயிடும்’ என்று குடியாத்தத்திலும் பலமநேரிலும் சொல்வது வெறும் பேச்சில்லை. ஊசி, ஸ்டெதாஸ்கோப், ‘ஒண்ணும் இல்லம்மா, ரெண்டு நாள்ல சரியாயிடும்’ என்ற ஆறுதல், இவையெல்லாம் வலியைக் கொஞ்சம் குறைக்கவே செய்கின்றன. அந்தக் கைராசியைக் கழித்த பிறகு மருந்தின் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்கத்தான் பிளாசிபோ.

சொல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் ‘பிளாசிபோ’ என்றால் ‘பிரியப்படுத்துவேன்’. பைபிளில் 116ஆம் சங்கீதத்தின் 9ஆம் வசனம் எபிரேயத்தில் கர்த்தருக்கு முன்பாக நடப்பேன் என்கிறது. தமிழ் பைபிளிலும் ‘நடப்பேன்’ என்றுதான் இருக்கும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதைப் பிரியப்படுத்துவேன் என்று மாற்றிக்கொண்டது, லத்தீன் அதன் பின்னால் போனது. இடைக்கால ஐரோப்பாவில் இறந்தவருக்கான மாலை வழிபாடு இந்தச் சொல்லில் தொடங்கும். துக்க வீட்டில் சாப்பாடு கிடைக்கும் என்று, சொந்தமே இல்லாதவர்களும் வந்து நின்று அதைப் பாடினார்கள். கூலிக்கு மாரடிப்பது என்போமே, அதேதான். நாளாக ஆக, முகத்துதி பாடுகிறவருக்கே அது பெயராயிற்று. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவ அகராதிக்குள் வந்தது. 1811இல் வந்த ஓர் அகராதி, நோயாளிக்குப் பயன்படுவதைவிட அவரை மகிழ்விக்கவே கொடுக்கும் மருந்து என்று விளக்கம் சொன்னது.

அதற்குள் ஜான் ஹேகார்த் என்ற மருத்துவர் இதைச் சோதனைக் கருவியாக்கிப் பார்த்திருந்தார். உடம்பில் தடவினால் வலியை இழுத்துவிடும் என்று சொல்லி இரண்டு உலோகக் குச்சிகளை நல்ல விலைக்கு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. 1799இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஹேகார்த் அதே மாதிரி மரக்குச்சி செய்து, சாயம் பூசி, 5 நோயாளிகளுக்குத் தடவினார். 4 பேர் வலி குறைந்தது என்றார்கள். மறுநாள் உலோகக் குச்சி வைத்தபோதும் கிட்டத்தட்ட அதே கதை. உலோகத்துக்கு வேலையே இல்லை என்று தெரிந்துபோயிற்று.

எல்லா ஆய்விலும் பிளாசிபோ வேண்டும் என்பதும் இல்லை. காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் பற்றி 1948இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு, குலுக்கல் முறை ஆய்வுகளுக்கே முன்னோடி. மருந்துப் பிரிவில் இருந்தவர்களுக்கு மாதக்கணக்கில் தினமும் 4 ஊசி. மற்றவர்களை வெறும் தண்ணீர் ஊசியால் அத்தனை முறை குத்துவது நியாயமில்லை என்று விட்டுவிட்டார்கள். படுக்கை ஓய்வு மட்டும் கொடுத்தார்கள். 6 மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், மற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். உயிரும் சாவும் இப்படி எண்ணிக்கையாகத் தெரிகிற இடத்தில் பிளாசிபோவின் தேவை குறைவு. வலி, மூச்சுத் திணறல், அசதி என்று நோயாளி வாயால் சொல்லித் தெரிய வேண்டியவற்றில்தான் அதன் தேவை அதிகம்.

நம் பக்கத்தில் நடந்த ஆய்வு ஒன்று. குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸால் வரும் கடுமையான வயிற்றுப்போக்கைத் தடுக்க இந்தியாவில் உருவான ரோட்டாவேக் சொட்டு மருந்தை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் சோதித்தார்கள். மொத்தம் 6,799 குழந்தைகள். மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து, ஒரு பங்குக்குப் பிளாசிபோ. 2014இல் முடிவு வெளியானபோது, முதல் வயதில் வரும் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. 2016இல் அரசு இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இதைச் சேர்த்தபோது முதலில் தொடங்கிய நான்கு மாநிலங்களில் ஆந்திரம் ஒன்று. தமிழ்நாட்டுக்கு வந்தது 2017இல். வேலூர்க் குழந்தைகள் பங்கெடுத்து நிரூபித்த மருந்து, சித்தூர்க் குழந்தைகளுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது! அந்த ஆய்வில் கையெழுத்துப் போட்ட அம்மாக்களை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது. அவர்கள் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்குப் போனதைப் ‘போலி மருந்து’ என்று எழுதினால் அது அவர்களை அவமதிப்பதாகும். ஒப்புதல் படிவத்தில் சொல்லி, தெரிந்தே சேர்ந்தவர்கள் அவர்கள்.

பிளாசிபோ எதுவரை போகும் என்பதில் தெளிவு வேண்டும். 2011இல் வெளியான ஆஸ்துமா ஆய்வில், இன்ஹேலர் மருந்து எடுத்தபோது நுரையீரலின் ஊதும் திறன் சுமார் 20 சதவீதம் கூடியது. பிளாசிபோ இன்ஹேலரில் 7 சதவீதம்தான். ஆனால் எவ்வளவு சுகம் தெரிந்தது என்று கேட்டபோது, மருந்துக்கு 50 சதவீதம், பிளாசிபோவுக்கு 45 சதவீதம். ஒன்றுமே செய்யாமல் விட்டபோது 21. மூச்சுக்குழாய் விரியவில்லை, மனசுக்கு மட்டும் லேசாகிவிட்டது. ஆஸ்துமாவில் இது ஆபத்தான ஆறுதல். அதனால் பிளாசிபோ எல்லா நோயையும் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். அதே சமயம் வலி குறைவது வெறும் பிரமை என்றும் தள்ளிவிட முடியாது. பல் பிடுங்கியவர்களிடம் 1978இல் நடந்த ஆய்வில், உடம்பே சுரக்கும் வலிநிவாரணியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது பிளாசிபோ தந்த சுகமும் போய்விட்டது.

மறுபக்கமும் உண்டு. மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்ற பயமே தொந்தரவாக மாறும். இதற்கு நொசிபோ என்று பெயர். லத்தீனில் ‘தீங்கு செய்வேன்’. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திய 60 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் பிளாசிபோ, சில மாதம் ஒன்றுமே இல்லை. ஸ்டாட்டினில் வந்த தொந்தரவில் சுமார் 90 சதவீதம் பிளாசிபோவிலும் வந்தது. முடிவைப் பார்த்தபின் பாதிப் பேர் மறுபடி ஸ்டாட்டின் எடுக்கத் தொடங்கினார்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்லலாம்? ‘ஆறுதல் மருந்து’ என்பது லத்தீன் பொருளுக்கு நெருக்கம்தான்; ஆனால் ஆய்வில் யாருக்கும் ஆறுதல் சொல்ல அதைக் கொடுப்பதில்லை. பேச்சில் ‘டம்மி மாத்திரை’, ‘வெறும் மாத்திரை’ என்றால் எல்லோருக்கும் புரியும். ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டும்போது தாராளமாகச் சொல்லலாம். எழுத்துக்கு மருந்துப்போலி என்பதே சரி. ‘போல்’ என்ற வேரிலிருந்து வருவது போலி. ஒன்றைப் போல இருப்பது. அறம் – அறன், பந்தல் – பந்தர் என்று பள்ளியில் படித்த போலியில் ஏமாற்று எங்கே இருந்தது? வாய்க்கால், கால்வாய் என்று முன்பின் மாறும் இலக்கணப்போலியில் பொருள் மாறாது. இங்கே மாற்றினால் மாறிவிடும். மருந்துப்போலி, மருந்தைப் போல இருப்பது. போலி மருந்து, மருந்து என்று பொய் சொல்லி விற்பது.

இந்தப் ‘போலி’ இன்னும் நீளக்கூடியது. நெஞ்சுவலிக்கு ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைப்பதைக்கூட இப்போது இப்படிச் சோதிக்கிறார்கள். பிரிட்டனில் 200 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஸ்டென்ட் வைத்தவர்கள் உடற்பயிற்சி செய்யும் நேரம், மயக்கத்தில் படுத்திருந்து ஸ்டென்ட் இல்லாமலே எழுந்தவர்களைவிடக் குறிப்பிடும்படி கூடவில்லை. நெஞ்சுவலி மருந்துகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் மறுபடி பார்த்து 2023இல் வெளியிட்டபோது, ஸ்டென்ட் வலியைக் குறைப்பது தெரிந்தது. அந்த ஸ்டென்ட் இல்லாத சிகிச்சையை ‘மருந்துப்போலி’ என்றால் பொருந்தாது, அதில் மருந்தே இல்லை. சிகிச்சைப்போலி எனலாம், கத்தி வைத்துத் தையல் மட்டும் போட்டு முடிப்பதை அறுவைப்போலி எனலாம்.