செத்த கேபிளுக்கு யார் சான்று தருவது?

நாற்பது, ஐம்பது வயதான ஓர் அமெரிக்க அலுவலகக் கட்டடத்தில் ஃபால்ஸ் சீலிங்கின் பலகை ஒன்றைத் தள்ளிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் 25 ஜோடிக் கம்பிகள் கொண்ட சாம்பல் நிற டெலிபோன் கேபிள். அதன் மேல், கணினிகளை இணைக்க 1980-களின் ஈதர்நெட் கொண்டுவந்த தடித்த மஞ்சள் கோஆக்சியல் கேபிள். பக்கத்தில் ஐபிஎம்மின் டோக்கன் ரிங் நெட்வொர்க் காலத்து வடம். அதற்கும் மேலே நெட்வொர்க் கேபிளின் அடுத்தடுத்த ரகங்களான கேட்-3, கேட்-5, கடைசியாக வந்த கேட்-6. இந்தக் கும்பலில் உயிரோடு இருப்பது பெரும்பாலும் மேலாகக் கிடக்கும் ஓர் அடுக்குதான்.

புதிய கேபிள் போடுகிறவருக்குக் கூலி உண்டு. பழையதை உருவுவதற்கு யாரும் ஒப்பந்தம் எழுதுவதில்லை. குடியிருந்த நிறுவனம் காலி செய்யும்போது மேசை நாற்காலியை எடுத்துப் போகும், தலைக்கு மேல் இருப்பதை மறந்துவிடும்.

கரண்டே ஓடாத கேபிள் கிடந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். ஆனால் நெருப்புக்கு அது கேபிள் அல்ல, விறகு. பல கட்டடங்களில் சீலிங்குக்கு மேலிருக்கும் அந்த இடைவெளி வழியாகத்தான் ஏசி தன் காற்றைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. அங்கே புகை கிளம்பினால் அது தங்கி நிற்காது, காற்றோடு சேர்ந்து தளம் முழுக்கப் பயணம் போகும். அதனால்தான் இந்த இடைவெளிக்கென்று தீ எளிதில் பரவாத, புகை குறைந்த தனி ரகக் கேபிள் உண்டு. 7.6 மீட்டர் நீளச் சுரங்கம் போன்ற அடுப்பில் கிடத்திக் கொளுத்தும்போது, தீ 1.5 மீட்டருக்கு மேல் ஓடாமல் இருந்தால்தான் அந்தக் கேபிள் தேறும். பழைய சாதாரண பிவிசி உறை இந்தச் சோதனையின் பக்கமே போகாது. தூய பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரியும்போது அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறி, மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது.

1975 பிப்ரவரி 27 அன்று நியூயார்க் நகரின் இரண்டாவது அவென்யூவில் இருந்த தொலைபேசி நிலையத்தின் அடித்தளக் கேபிள் அறையில் தீப்பிடித்தபோது இதுதான் நடந்தது. சுமார் 1.7 லட்சம் தொலைபேசிகள் ஊமையாயின. மீண்டும் இணைக்க மூன்று வாரங்களுக்கு மேல் ஆனது. உள்ளே போன தீயணைப்பு வீரர்கள் பலர் அந்தப் புகையால் பாதிக்கப்பட்டார்கள். அங்கே எரிந்தவை வேலையில் இருந்த கேபிள்கள்தாம். ஆனால் புகைக்கு உயிருள்ளது, செத்தது என்ற பேதம் இல்லை.

அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு 2002-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு முடிவுக்கு வந்தது. முனைகள் கருவியிலோ கனெக்டரிலோ இணைக்கப்படாமல், ‘எதிர்காலப் பயன்பாட்டுக்கு’ என்ற அட்டையும் கட்டப்படாமல் கிடக்கும் தொடர்புக் கேபிள் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். அதில் கைக்கு எட்டும் பகுதியை அகற்றியாக வேண்டும். கைக்கு எட்டும் பகுதி என்ற சொல்லில் ஒரு நிதானம் இருக்கிறது. சுவருக்குள் புதைந்த குழாயில் இருப்பதை, சுவரை உடைத்து எடுக்கச் சொல்லவில்லை.

சட்டம் எழுதுவது எளிது. ஏணியில் நிற்பவருக்குத்தான் பிரச்சினை. கட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே தொங்கும் இருநூறு கேபிள்களில் எது செத்தது என்று அவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

முதலில் அவர் தேடுவது டோனர். ஒரு சின்னப் பெட்டி, ஒரு ஜோடிக் கம்பியில் காதுக்குக் கேட்கும் அதிர்வெண்ணில் மின்னலையை அனுப்பும். அந்தக் கம்பியைச் சுற்றி மின்புலம் ஏறி இறங்கும். மறுமுனையில் பேனா போன்ற ப்ரோப் அதை உணர்ந்து கீச்சென்று கத்தும். பார்க்க மந்திரம் போல இருக்கும். கூடவே அதன் ஏமாற்று வேலையும் உண்டு. ஐம்பது மீட்டர் தூரம் ஒரே கட்டாகப் போகும் கேபிள்கள் ஒன்றுக்கொன்று மின்தேக்கிபோல நடந்துகொள்கின்றன, ஒருவன் முணுமுணுப்பது வரிசை முழுக்கக் கேட்பதுபோல அலை பக்கத்துக் கேபிள்களுக்கும் கசியும். ப்ரோப்பை எங்கே வைத்தாலும் பாடும். அனுபவசாலிகள் அப்போது சந்தேகப்படும் ஜோடியின் இரு கம்பிகளையும் நுனியில் ஒன்றாகத் தொடவைப்பார்கள். சத்தம் பட்டென்று நின்றால் அதுவே சரியான ஜோடி.

இதை எல்லா இடத்திலும் செய்துவிட முடியாது. பழைய பாணி தீ எச்சரிக்கைச் சுற்றில் கடைசியில் ஒரு மின்தடையை வைத்து, அதன் வழியே எப்போதும் ஒரு சின்ன மின்னோட்டத்தை ஓடவிட்டிருப்பார்கள். கம்பி அறுந்தால் மின்னோட்டம் நின்று, கட்டுப்பாட்டுப் பலகையில் பழுது விளக்கு எரியும். இரு கம்பிகள் ஒட்டிக்கொண்டால், எங்கோ டிடெக்டர் ஒன்று தீயைக் கண்டுவிட்டதாகப் பலகை புரிந்துகொள்ளும். கேபிளைத் தேடப்போய் இருபது மாடியையும் தெருவில் இறக்கிவிட்ட கதையாகிவிடும்.

அடுத்தது, தொடாமலே மின்சாரம் காட்டும் பேனா டெஸ்டர். இதன்மேல் பலருக்கு இருக்கும் நம்பிக்கை எனக்குக் கவலை தருகிறது. அது மாறுமின்னோட்டத்தின் புலத்தைத்தான் உணரும். டெலிபோன் லைனில் சாதாரணமாக இருப்பது 48 வோல்ட் நேர்மின்னோட்டம், பேனா வாய் திறக்காது. மணி அடிக்கும்போது அதே லைனில் 90 வோல்ட் வரை மாறுமின்னழுத்தம் ஏறும். ஏணியின் உச்சியில் வியர்த்த கையோடு நிற்பவருக்கு அந்த உதறல் போதும், விழுவதற்கு. லோ-வோல்டேஜ் என்ற பெயர் அவரைத் தரையில் தாங்கிப் பிடிக்காது. தகட்டுறை போட்ட கேபிளில் உள்ளே 230 வோல்ட் இருந்தாலும் புலம் வெளியே தெரியாமல் போகலாம். ஆகவே மீட்டரை வைத்து, ஒவ்வொரு ஜோடியின் இரு கம்பிகளுக்கு நடுவிலும், ஒவ்வொரு கம்பிக்கும் பூமிக்கும் நடுவிலும், நேர்மின்னோட்டம், மாறுமின்னோட்டம் இரண்டையும் அளந்தாக வேண்டும். சலிப்பான வேலை. இதற்கு மாற்று இல்லை.

ஐடி ஆட்களிடம் இன்னொரு வழி உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு யார் கத்துகிறார்கள் என்று காத்திருப்பது. அலுவலகக் கணினிக்கு இது அருமையான சோதனை, பத்து நிமிடத்தில் ஆள் வந்துவிடுவார். லிஃப்டுக்குள் இருக்கும் அவசரத் தொலைபேசிக்கு? அது வருடக்கணக்கில் மௌனமாகவே இருக்கும். யாராவது நள்ளிரவில் நடுவில் மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தும்போதுதான் அதன் கம்பி வெட்டப்பட்ட சேதி தெரியும். இப்படிச் சும்மாவே இருந்து ஒரே ஒரு நாள் மட்டும் வேலை செய்ய வேண்டிய கேபிள்கள் ஒரு கட்டடத்தில் நிறைய உண்டு. அவற்றில் சிலவற்றை மீட்டரும் செத்தவை என்றே சொல்லும். எனவே இரு முனைகளையும் கண்ணால் பார்த்து, எண் எழுதி ஒட்டி, லிஃப்ட், தீ எச்சரிக்கை, கதவுப் பூட்டு ஆகியவற்றைப் பராமரிப்பவர்களை அழைத்துக் காட்டிய பிறகே கட்டரை எடுப்பது. ஒரு முனைதான் கிடைத்தது என்றால் அந்தக் கேபிள் உயிரோடு இருப்பதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும்.

சான்று கிடைத்ததும் முழுநீளத்தையும் ஒரே மூச்சாக இழுத்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். தோணியைக் கரையில் கட்டுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரு கையால் பிடித்தாலே தோணி நின்றுவிடும். வளைவில் உரசும் கயிற்றின் விசை, சுற்றின் கோணத்துக்கு ஏற்ப மடங்கு மடங்காகப் பெருகுவதே காரணம். கேபிளில் இதே விதி நமக்கு எதிராகத் திரும்புகிறது. உராய்வுக் கெழு 0.5 என்று வைத்தால், ஒவ்வொரு செங்கோண வளைவும் தேவைப்படும் விசையை ஏறத்தாழ 2.2 மடங்காக்கும். நான்கு வளைவு தாண்டினால் 23 மடங்கு. அந்தப் பக்கம் ஒரு கிலோ தடுத்தால், இந்தப் பக்கம் 23 கிலோ இழுக்க வேண்டும்.

அந்த விசையைத் தாங்கும் வளைவுகளில் இருப்பது பக்கத்து உயிர்க் கேபிள்கள். நான்கு ஜோடி நெட்வொர்க் கேபிளைப் பதிக்கும்போதே 110 நியூட்டனுக்கு, அதாவது சுமார் 11 கிலோவுக்கு மேல் இழுக்கக் கூடாது. மேலும், ஓடுகிற கேபிளின் சூடு அதன் நீளம் முழுக்கப் பரவிவிடும். அசையாமல் கிடப்பதோ ஒரே புள்ளியில் தேய்ந்து, ரம்பம் பட்டதுபோல உறை அறுந்துபோகும். இதற்காகத்தான் கை எட்டும் தூரத்துக்கு ஒரு வெட்டு வெட்டி, துண்டு துண்டாக எடுக்கிறார்கள். ஆனால் முதல் வெட்டு விழுந்துவிட்டால் டோனரின் அலை அதைத் தாண்டிப் போகாது. எல்லாம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

தூசிக்கு வருவோம். 1970-களின் தொடக்கம்வரை அமெரிக்காவில் எஃகு உத்தரங்களின்மேல் தீக்காப்புக்காக ஆஸ்பெஸ்டாஸ் கலவையைத் தெளித்தார்கள், 1973-இல் அது தடைசெய்யப்பட்டது. அந்தக் காலத்துக் கட்டடத்தில் கேபிள் உரசும் உத்தரத்திலிருந்து உதிர்வது என்னவென்று பரிசோதனைக்கூடம் சொல்லும்வரை சீலிங் பலகையைத் தொடவே கூடாது.

கேபிள் போன பிறகு மிஞ்சுவது ஓட்டை. தீத்தடுப்புச் சுவரில் கேபிளைச் சுற்றி அடைக்கும் பசை, சூடுபட்டால் பலமடங்கு உப்பி, எரிந்துபோன உறையின் இடத்தையும் நிரப்பிக்கொள்ளும். நாற்பது கேபிளை உருவியபின் அந்த அடைப்பு வெறும் சல்லடை. ஓட்டை அடைப்பதிலும் வினை உண்டு. நியூயார்க் தீக்கு ஒரு மாதத்துக்குள், 1975 மார்ச் 22-இல், அலபாமாவின் பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தில் கேபிள் துளைகளை அடைத்துக்கொண்டிருந்தவர்கள் காற்று கசிகிறதா என்று மெழுகுவத்திச் சுடரைப் பிடித்துப் பார்த்தார்கள். அடைக்கப் பயன்பட்ட நுரைப்பொருளே பற்றிக்கொண்டது. சுமார் ஏழு மணி நேரம் எரிந்தது, 1,600-க்கும் அதிகமான கேபிள்கள் கெட்டன.

உருவியதில் காசு உண்டு. கேட்-5 கேபிள் ஒரு கிலோமீட்டருக்கு 30 கிலோ சொச்சம் இருக்கும், அதில் ஏறக்குறைய பாதி செம்பு. அதைக் கொளுத்தி எடுப்பது நம் ஊர்ப் புறநகரிலும் நடக்கிறது. குளோரினும் செம்பும் ஒன்றாக எரியும் இடத்தில் டையாக்சின் என்ற நச்சு உருவாவதற்கு அந்தச் செம்பே வினையூக்கி. உறையை உரிக்கும் இயந்திரம் இருக்கிறது, அதுதான் வழி.

இவ்வளவு செலவையும் தவிர்க்க ஒரு குறுக்குவழி உண்டு, விதிக்குள்ளேயே. மொத்தக் கேபிள் கட்டையும் சேர்த்து ‘எதிர்காலப் பயன்பாட்டுக்கு’ என்று ஓர் அட்டை மாட்டிவிட்டால் போதும். 2002-இல் அந்த எதிர்காலம் எப்போது வரும் என்று யாரும் கேட்கவில்லை. கணினி அறைகளுக்கான பிரிவில் மட்டும், அட்டை கட்டிய தேதியையும் கேபிள் பயன்படப்போகும் தேதியையும் எழுதச் சொல்லிப் பின்னர் ஒரு திருத்தம் வந்தது.